சைக்கிள் ஜெர்சியும் ஷார்ட்ஸும் உடம்போடு பொருந்த: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் தொளதொளவென்று இருக்கும் ஜெர்சியையும் இறுக்கும் ஷார்ட்ஸையும் பற்றியவை. பதிலுக்குப் போகும் முன் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். சைக்கிள் உடுப்பைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று அளவு பார்க்காதீர்கள். அது குனிந்து ஓட்டும் உடம்புக்காக வெட்டப்பட்டது. முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் இருப்பது அதனால்தான். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து ஏறி உட்கார்ந்து, கைகளை ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதற்கு வழியில்லை என்றால் சாப்பாட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாலும் போதும்.

ஜெர்சி லூஸாக இருக்கிறது, ஈசிஆரில் எதிர்க்காற்றில் படபடவென்று அடிக்கிறது. தெரு டெய்லரிடம் கொடுத்துப் பக்கவாட்டில் பிடித்தேன். இரண்டாவது முறை போடும்போதே நூல் படக்கென்று அறுந்துவிட்டது. ஏன்? (சென்னை)

துணி இழுபடுகிறது, தையல் இழுபடவில்லை. காரணம் அவ்வளவுதான். ஜெர்சி துணி பாலியஸ்டரோடு கொஞ்சம் லைக்ரா கலந்த பின்னல் துணி. சட்டைக்குப் போடுகிற நேர்த்தையலைப் பருத்தி நூலில் போட்டால், தலைவழியே மாட்டும்போது துணி விரியும், நூல் விரியாமல் அறுந்துவிடும். தைத்தவரைக் குறை சொல்ல வேண்டாம், அவர் சட்டைக்குச் செய்வதைச் செய்திருக்கிறார்.

வீட்டு மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் நீங்களே செய்யலாம். முதலில் ஊசியை மாற்றுங்கள். கூர்முனை ஊசி பின்னல் இழையை வெட்டிவிடும். நாலு சலவையில் அந்த ஓட்டை ஓடும். பாக்கெட்டில் 'ஸ்ட்ரெட்ச்' என்று போட்ட 75/11 ஊசி வாங்குங்கள், அதன் முனை மழுங்கலாக இருக்கும். நூல் மேலேயும் பாபினிலும் பாலியஸ்டர். ஜிக்ஜாக் அகலம் 1 மில்லிமீட்டர், நீளம் 2.5. பழைய லைக்ரா துணி ஒன்றில் தைத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நூல் தெறித்தால் மேல்நூலின் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

இனி அளவு. ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டு, ஓட்டும் நிலையில் குனிந்து, வீட்டில் ஒருவரை ஊக்கு குத்தச் சொல்லுங்கள். குண்டூசி வேண்டாம், கழற்றும்போது கீறும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்தால் சுற்றளவில் குறைவது ஒரு இஞ்ச் அல்ல, இரண்டு இஞ்ச். முன்துணியில் அரை, பின்துணியில் அரை என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் போய்விடும். அதனால் குறைவாகவே பிடியுங்கள். அடி ஓரத்தில் தொடங்கி அக்குள் வழியாகக் கையின் முனை வரை ஒரே வளைவாகக் கோடு போடுங்கள். அக்குளில் நிறுத்தினால் அந்த இடத்தில் துணி சுருண்டு நிற்கும், நீண்ட ஓட்டத்தில் உரசும்.

முதுகில் இருக்கும் மூன்று பைகளை மறக்காதீர்கள். பல ஜெர்சிகளில் ஓரப் பைகளின் விளிம்பு பக்கத் தையலோடு சேர்ந்திருக்கும். பின்துணியைப் பிடித்தால் பை குறுகும், போன் உள்ளே போகாது. அப்படிப்பட்ட ஜெர்சியில் தையலைப் பிரித்து முன்துணியில் மட்டும் குறைப்பதே சரி. அடியில் இருக்கும் எலாஸ்டிக்கை இரண்டு இஞ்ச் பிரித்துத் தனியாகக் குறைத்து மீண்டும் மூடுங்கள். எல்லாம் தைத்த கையோடு மிச்சத் துணியை வெட்டிவிடாதீர்கள். முதலில் நீளத் தையல் ஓட்டி, ஒரு நாள் சைக்கிள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் வெட்டுங்கள்.

என்னிடம் அம்மாவின் கால்மிதி மெஷின்தான் இருக்கிறது, நேர்த்தையல் மட்டும்தான் வரும். (திண்டுக்கல்)

தாராளமாகச் செய்யலாம். ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை லேசாக விரித்துப் பிடித்தபடி சின்னத் தையலாகத் தையுங்கள். விரித்த நிலையில் விழும் தையலில் துணி சுருங்கியதும் நூல் கொஞ்சம் மிச்சமிருக்கும். பக்கத்திலேயே இரண்டாவது வரி ஒன்று ஓட்டுங்கள். அக்குள் மாதிரி அதிகம் இழுபடும் இடத்தில் கையால் பின் தையல் போடுவது இன்னும் நல்லது. திருப்பூர்ப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் பனியன் துணி தைக்கும் ஓவர்லாக் மெஷினில் ஓட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

பிப் ஷார்ட்ஸ் (தோளில் மாட்டும் வார் வைத்த ஷார்ட்ஸ்) வார் தோளை இழுக்கிறது. நான் கொஞ்சம் உயரம். (கோவை)

நிற்கும்போது மட்டும் இழுக்கிறதா, குனிந்தாலும் இழுக்கிறதா? நிற்கும்போது மட்டும் என்றால் கை வைக்காதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். குனிந்தாலும் இழுத்தால் வாரை முதுகுப்பக்கம், வலைத்துணியோடு சேரும் இடத்தில் பிரித்து, அதே அகலமுள்ள எலாஸ்டிக் துண்டை இடையில் வையுங்கள். இரண்டு வாருக்கும் ஒரே நீளம். இணைப்பு தோள் எலும்பின் மேல் வரக்கூடாது, பையோ வியர்வையோ பட்டால் அங்கே தோல் சிவந்துவிடும்.

ஷார்ட்ஸின் கீழ் ஓரம் தொடையை வெட்டுகிறது. கழற்றினால் கோடு விழுந்திருக்கிறது. அங்கே தொடையைப் பிடிக்கும் பட்டையை, அதாவது கிரிப்பரை, வெட்டி எறிந்துவிடலாமா? (மதுரை)

வெட்டி எறிந்தால் ஷார்ட்ஸ் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். குறுகலான கிரிப்பரை எடுத்துவிட்டு அகலமானதாக மாற்றுங்கள். இறுக்கம் பரவினால் கோடு விழாது. தையல் பிரிப்பானால் பழையதை மெதுவாகப் பிரியுங்கள், லைக்ராவை இழுக்காதீர்கள். தொடையின் சுற்றளவை உட்கார்ந்த நிலையில் எடுங்கள். உட்காரும்போது தொடை பருக்கும். அளவு 20 இஞ்ச் என்றால் புதிய கிரிப்பர் 18 இஞ்ச் அளவில் தொடங்கி, கட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிலிகான் பூச்சுள்ள கிரிப்பர் மெஷினில் ஒட்டிக்கொண்டு நகராது. சிலிகான் படும் பக்கம் மெல்லிய பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு பேப்பரைக் கிழித்து எடுங்கள். துணிக்கடையில் சிலிகான் கிரிப்பர் கிடைக்கவில்லையா? இரண்டரை இஞ்ச் அகல லைக்ரா பட்டையை இரண்டாக மடித்து ஓரத்தில் வைத்துத் தைத்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

பழைய ஷார்ட்ஸில் உட்காரும் இடத்தில் இருக்கும் மெத்தையை, அதாவது பேடை எடுத்து, புதிதாக வாங்கிய மலிவான ஷார்ட்ஸில் வைத்துத் தைக்கலாமா? அடுத்த மாதம் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டப் போகிறேன். (சேலம்)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்குக் கொடுக்கப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். அத்தனை நேரமும் உடம்பின் பாரம் அந்த பேடின் மேல்தான். கம்பெனியில் அதை ஃபிளாட்லாக் மெஷினில் மேடு விழாமல் தட்டையாகத் தைக்கிறார்கள். நாம் வீட்டில் தைத்தால் ஓரத்தில் மேடு விழும். முதல் இரண்டு மணி நேரம் தெரியாத அந்த மேடு, எட்டாவது மணியில் புண்ணாகிவிடும். பேட் அரை இஞ்ச் இடம் மாறி அமைந்தாலும் உட்காரும் எலும்பு பேடின் தடித்த பகுதிக்கு வெளியே போய்விடும். நல்ல பேட் உள்ள ஷார்ட்ஸை வாங்குங்கள். மிச்சம் பிடிப்பதை ஜெர்சியில் பிடியுங்கள்.

மூலையில் தையல் விட்டிருந்தால் மட்டும் வீட்டில் சரிசெய்யலாம். கையால் தைத்து, முடிச்சு பேடுக்கும் துணிக்கும் நடுவில் ஒளியும்படி விடுங்கள். தோல் பக்கம் முடிச்சு வரவே கூடாது. பேட் இடம் மாறுகிறது என்றால் ஷார்ட்ஸ் பெரிய சைஸ் என்று பொருள். உள்ளே ஜட்டி போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், அதன் தையல்தான் உரசும்.

கடையில் ஆண்கள் ஜெர்சிதான் கிடைத்தது. தோள் சரியாக இருக்கிறது, இடுப்பில் பிடித்து மேலே ஏறிவிடுகிறது. (திருச்சி)

பக்கத் தையலை அடியிலிருந்து ஆறு, ஏழு இஞ்ச் வரை பிரித்து, இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டு வையுங்கள். அடியில் இரண்டு இஞ்ச், மேலே கூர்முனை. துணி பழைய ஜெர்சியிலிருந்து எடுத்தால் நல்லது. பருத்தித் துண்டு வைத்தால் அது மட்டும் வியர்வையில் கனத்துத் தொங்கும். துண்டு அகலவாட்டில்தான் இழுபட வேண்டும், வெட்டும் முன் இழுத்துப் பாருங்கள். மாறுபட்ட நிறத்தில் வைத்தால் பார்க்கவும் எடுப்பாக இருக்கும். இஸ்திரி போடுவதாக இருந்தால் மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டு.

மழைக் கோட்டின் கையைக் குறைக்கலாமா? (நாகர்கோவில்)

ஊசி போகும் இடமெல்லாம் தண்ணீர் போகும். குறைத்தே ஆக வேண்டும் என்றால் கை முனையில் மட்டும் குறைத்து, உள்பக்கம் தையல் மேல் ஒட்டும் நாடா ஒட்டுங்கள். தோள்பக்கம் தொடாதீர்கள். அளவு குறிக்க ஊக்குக்குப் பதில் துணி கிளிப் போடுங்கள்.

தினமும் ஆபீஸுக்குச் சைக்கிளில் போகிறேன். காட்டன் பேண்ட் கவட்டையில் கிழிந்துகொண்டே இருக்கிறது. (ஈரோடு)

நான்கு தையலும் ஒரே புள்ளியில் சேர்வதால் பாரம் முழுதும் அங்கேதான் விழுகிறது. அந்தப் புள்ளியைப் பிரித்து, நாலு இஞ்ச் நீளம், மூன்று இஞ்ச் அகலமுள்ள சாய்சதுரத் துண்டை வையுங்கள், நீளம் கால்பக்கமாக. தையல் உட்காரும் எலும்பை விட்டு விலகிவிடும், காலும் தாராளமாக அகலும். துணி வேண்டுமானால் பேண்டின் அடிமடிப்பிலிருந்தே எடுக்கலாம். உள்பக்கம் தையல் ஓரங்களை இருபுறமும் படுக்கவைத்து மேலே இன்னொரு வரி ஓட்டுங்கள். கையோடு வலது காலை முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் பிடித்துவிடுங்கள், குதிகால் நுழையும் அளவு இருந்தால் போதும். செயினில் மாட்டாது.