கரையேறியதும் தூண்டில் முள்ளை எண்ணுங்கள்

மீன்பிடி முகாமில் குடிலும் படகும் வாடகைக்கு எடுத்துத் தங்கப்போகும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அப்படியொரு முகாமை நடத்திவருபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான்கு பேருக்கு என்று குடிலைப் பதிவு செய்தோம். கடைசி நேரத்தில் இரண்டு நண்பர்கள் சேர்ந்துகொண்டார்கள். தரையில் படுத்துக்கொள்வார்கள். இதையும் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லத்தான் வேண்டும். படுக்க இடம் இருக்கிறதா என்பது என் கவலை இல்லை. இருட்டும் நேரத்தில் துறையில் நின்று, திரும்பிவந்த தலைகளை எண்ணுகிறவன் நான். ஆறு பேர் போனதை நான்கு என்று நினைத்திருந்தால், நால்வர் கரையேறியதும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். உயிர்காப்பு அங்கியையும் ஆளுக்கொன்றாக, அளவு பார்த்து எடுத்துவைக்க வேண்டும். பெரியவர்களின் அங்கியைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் அங்கி மிதக்கும். குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். படகு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் தகட்டிலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கையோடு பேரம் பேச முடியாது.

கேள்வி: பிடித்த மீனைக் குடிலின் சமையலறையிலேயே கழுவி வெட்டலாமா?

பதில்: கூடாது. செதில் சுவரெல்லாம் தெறிக்கும்; காய்ந்துவிட்டால் கத்தியால் சுரண்டினால்தான் வரும். துறையருகே மேசை போட்டிருப்பதே இதற்காகத்தான். வேலை முடிந்ததும் அதை உடனே குளிர்ந்த நீரில் கழுவிவிடுங்கள். சுடுநீர் ஊற்றினால் சுத்தமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டில் இரத்தமும் சளியும் வெந்து பலகையில் இறுகிவிடும். குடலையும் தலையையும் துறையடியில் வீசாதீர்கள். ஆழமில்லாத, ஓட்டமில்லாத இடத்தில் அவை அங்கேயே கிடந்து அழுகும். அடுத்த நாள் காலை அந்த நாற்றத்தில் நிற்கப்போவது நீங்கள்தான். எங்கே போட வேண்டும் என்று முகாம்காரரைக் கேளுங்கள். இன்னொன்று: குளியலறைத் துண்டில் மீன் கையைத் துடைக்கிறவர்களை எனக்கு முகம் பார்த்தே தெரியும். அந்த வாடை எத்தனை சலவைக்கும் போகாது.

கேள்வி: சின்ன மீன்களைத் திரும்ப நீரில் விட்டுவிடுகிறோம். ஆனாலும் சில செத்து மிதக்கின்றனவே?

பதில்: உலர்ந்த கையால் பிடித்திருப்பீர்கள். மீனின் உடம்பில் இருக்கும் வழவழப்புதான் அதற்குக் கவசம். அது உரிந்தால் பூஞ்சையும் நோயும் எளிதில் தொற்றும். முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த பலகைமேல் மீனைக் கிடத்தாதீர்கள், செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்காதீர்கள். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால் கழற்றுவது எளிது. தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் பிடுங்க வேண்டாம். தூண்டில் நரம்பை முள்ளுக்கு அருகில் நறுக்கிவிட்டு மீனை விடுங்கள். படம் எடுப்பதானால், மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் திணறும் முன்பே அது நீருக்குள் போயிருக்க வேண்டும்.

கேள்வி: மிச்சமான உயிர் இரைமீன்களை ஏரியில் விட்டுவிடலாமா? பாவமாக இருக்கிறது.

பதில்: பாவம் பார்த்தால் ஏரிக்குத்தான் பார்க்க வேண்டும். வேற்று நீரில் வளர்ந்த மீன், நோயையும் ஒட்டுண்ணியையும் கூடவே கொண்டுவரும். வாளித் தண்ணீரே ஆபத்துதான். வரிக்குதிரைச் சிப்பி என்ற விரல்நுனி அளவுச் சிப்பி, கப்பல்கள் வெளியேற்றிய நீரோடு வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதிக்கு வந்து, 1988-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு படகுகளில் ஒட்டிக்கொண்டு ஏரி ஏரியாகப் பரவி, நீர்க்குழாய்களையே அடைத்தது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. சொந்தப் படகு கொண்டுவந்தால், வரும்போதும் போகும்போதும் நீரை வடித்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

கேள்வி: இரவில் வெளியே உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினோம். தூரத்துக் குடிலிலிருந்து புகார் வந்துவிட்டது!

பதில்: இரவில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது, ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளைந்து நீர்ப்பரப்போடு ஓடும். அக்கரைக் குடிலில் நடந்த சொத்துத் தகராறு ஒன்று எனக்கு முழுமையாகத் தெரியும், நான் ஒட்டுக்கேட்கவில்லை. விடியுமுன் படகெடுப்பவர்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: காலி செய்யும்போது நாங்களே பெருக்க வேண்டுமா? வாடகை கொடுத்திருக்கிறோமே!

பதில்: பெருக்காவிட்டால் நான் பெருக்கிக்கொள்வேன். முள்ளை மட்டும் எண்ணிவிடுங்கள். கம்பளத்துக்குள் கிடக்கும் முள், அடுத்து வரும் குழந்தையின் வெறுங்காலுக்காகக் காத்திருக்கும். அறுந்த நைலான் நரம்பு பறவையின் காலைச் சுற்றினால் கால் அழுகிவிடும். அதைத் துண்டுதுண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். தூண்டிலில் எடைக்காகக் கட்டும் ஈயக்குண்டுகளையும் சிதறவிடாதீர்கள். அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால்தான் பிரிட்டனில் 1987-ல் பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தார்கள்.

கேள்வி: புரொப்பெல்லர் பாறையில் இடித்துக் கொஞ்சம் வளைந்துவிட்டது. படகு ஓடத்தான் செய்கிறது. சொல்லாமல் விட்டால்?

பதில்: வளைந்த இறக்கை அதிரும், அதிர்வில் தண்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு தேய்ந்து, பற்சக்கர எண்ணெயில் நீர் கலக்கும். இன்று சொன்னால் புரொப்பெல்லரை மட்டும் மாற்றிவிடலாம். சொல்லாவிட்டால், காற்று எழுந்த ஒரு மாலையில் வேறொரு குடும்பத்தோடு எஞ்சின் நடுநீரில் நின்றுவிடும். இழுத்துவரப் போகிறவனும் நான்தான்.