பதிவகத்தில் என் மனைவி பெயர் எதற்கு?

கேள்வி: என் மனைவி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். அவருடைய விவரம் அரசாங்கப் பதிவகத்துக்குப் போகும் என்று தாதி சொன்னார். எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சில வருடங்களுக்கு முன் நண்பர் பேச்சைக் கேட்டு எஸ்ஜி100கே என்ற மரபணு ஆய்வுக்கு நானும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். "உங்களைச் சோதனை எலி ஆக்கிட்டாங்க, இனி இன்சூரன்ஸ் கிடைக்காது" என்கிறான் மகன். நான் செய்தது தப்பா? - ஈசூன் வாசகர்

பதில்: தப்பே இல்லை ஐயா. முதலில் அம்மா நல்லபடியாகத் தேறி வரட்டும்.

பதிவகம் வேறு, ஆய்வு வேறு. நாட்டில் யார் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று குறித்து வைக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் 1968-இல் தொடங்கியது. தொடங்கியவர் நோய்க்குறியியல் பேராசிரியர் சண்முகரத்தினம், நம் அதிபர் தர்மனின் அப்பா. அனுமதி கேட்காமலே விவரத்தைப் பதிய 2007-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. அனுமதி கேட்டுக் கேட்டு எழுதினால், 'சரி' என்றவர்கள் மட்டும்தான் கணக்கில் இருப்பார்கள். அப்புறம் அது என்ன கணக்கு?

மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் 28 வருடம் இருந்தவள் நான். ஒருமுறை ஒரே அம்மா மூன்று பேராக வந்தார்: லட்சுமி, லெட்சுமி, லக்குமி. ஒரு தாளில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். அடையாள அட்டை எண்ணைப் பார்த்தால் ஒரே ஆள். கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த வருடம் இந்தியப் பெண்களில் இரண்டு பேர் சும்மா கூடியிருப்பார்கள். இங்கே பத்தில் ஒருவர்கூட இல்லாத நமக்கு அது சின்னப் பிழை இல்லை.

மார்பகப் புற்றுநோய் ஏறிக்கொண்டே போவதைக் காட்டியது இந்தக் கணக்குதான். 2002-இல் நாடு முழுக்க மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பரிசோதனைத் திட்டம் வந்ததற்குப் பின்னால் அது இருக்கிறது.

சரி, ஆய்வுக்கு வருவோம். முதலில், உங்களுடையதற்கு முன்பே நடந்த வேறோர் ஆய்வு. 1993 முதல் 1998 வரை இங்கே 63,257 பேரைச் சேர்த்தார்கள். வீட்டுக்கே போய், என்ன சாப்பிடுகிறீர்கள், டீயா காப்பியா என்று உட்கார்ந்து கேட்டார்கள். பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய்க் கழகம். பிற்பாடு அவர்களில் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று எப்படித் தெரிந்தது? பதிவகத்தோடு ஒப்பிட்டுத்தான். பதிவகம் இல்லையென்றால் அத்தனை பதில்களும் பாதிக் கதையாக நின்றிருக்கும்.

ஆனால் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் சீனர்கள், அதிலும் ஹொக்கியன், கண்டனீஸ் பிரிவினர் மட்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி அது, குறை சொல்ல முடியாது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல், அவ்வளவுதான். நம் ரசம், ஊறுகாய் பற்றி அதில் என்ன கிடைக்கும்? நீங்கள் ரத்தம் கொடுத்த எஸ்ஜி100கே அரசாங்க நிதியில் நடப்பது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் அதில் இருக்கிறார்கள். யாரும் புது மருந்தை உங்கள் உடம்பில் ஏற்றிப் பார்க்கவில்லை. எலி என்பதெல்லாம் தம்பியின் கோபம்.

இன்சூரன்ஸ் பயம் நியாயமானதே. ஆனால் ஆய்வுக்காகச் செய்த மரபணுச் சோதனையின் முடிவைக் காப்புறுதி நிறுவனங்கள் கேட்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று 2021-இல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் முடிவு செய்துவிட்டன. அப்படியும் மனம் ஒப்பவில்லையா? ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் பதிவில் அது முடியாது. அடுத்த தடவை போகும்போது அவர் பெயரின் எழுத்து எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.