குவாரிக்கு மனு போட்டிருக்கிறார்கள், ஊர் என்ன செய்ய முடியும்?

கல்குவாரி அனுமதி பற்றிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி 4 ஹெக்டேர் பட்டா நிலத்தில் கல்குவாரி கேட்டு மனு போட்டிருக்கிறார்கள். அரை கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே இரண்டு குவாரி ஓடுகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. ஊராட்சித் தலைவரைக் கேட்டால், "எல்லாம் கலெக்டர் ஆபீஸ்ல முடிவாகிற விஷயம், நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்கிறார். உண்மையா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அதிகாரம் யாரிடம் என்று கேட்டால் அவர் சொல்வது சரி. கருங்கல், ஜல்லி, கிராவல் மாதிரியான சிறுகனிமங்களுக்குக் குத்தகை கொடுப்பது, 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, மாவட்ட ஆட்சியர்தான். ஊராட்சி வேண்டாம் என்று எழுதினால் மனு தானாகத் தள்ளுபடி ஆகிவிடாது. ஆனால் "கையில ஒண்ணும் இல்ல" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்சியர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஃபைல் பல மேசைகளைத் தாண்டி வருகிறது, ஊருக்குத் தெரிந்த விவரம் அந்த மேசைகளில் எழுத்தில் ஏறியதா என்பதில்தான் மீதியெல்லாம் இருக்கிறது.

பாதை இதுதான். மனு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனதும், ஒரு பக்கம் கோட்டாட்சியர் அறிக்கை கேட்கப்படும், அது வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் வழியாகக் கடைசியில் உங்கள் வி.ஏ.ஓ.விடம் வந்து நிற்கும்; இன்னொரு பக்கம் கனிமவளத் துறையின் உதவி இயக்குநர் இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். இரண்டும் சாதகமாக இருந்தால், இந்தச் சர்வே எண்ணில் இவ்வளவு பரப்புக்குக் குத்தகை தரலாம் என்று ஆட்சியர் மனுதாரருக்கு ஒரு கடிதம் அனுப்புவார். அது இறுதி உத்தரவு அல்ல. அதை வைத்துக்கொண்டு மனுதாரர் சுரங்கத் திட்டம் தயாரித்து ஒப்புதல் வாங்க வேண்டும், பிறகு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தில் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், இத்தனைக்கும் பிறகுதான் குத்தகைப் பத்திரம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேண்டும். சின்ன குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி எதற்கு என்ற பேச்சை, 5 ஹெக்டேருக்குக் குறைவானாலும் வேண்டும் என்று சொல்லி 2012 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை, இதில் எடை அதிகமுள்ள காகிதம் முதலில் எழுதப்படுகிற அந்த வருவாய்த் துறை அறிக்கைதான். அதில் ஓடை விட்டுப்போனால், பள்ளிக்கூடம் விட்டுப்போனால், அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அந்த ஓடை இல்லாத வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஊரைக் கேட்க வேண்டும் என்று விதி இருக்க வேண்டும். இன்றைக்கு ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிவதே பெரும்பாலும் நிலத்தில் அளவுக்கல் நட்ட பிறகுதான், இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். 4 ஹெக்டேர் குவாரிக்கு மட்டும் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டியிருந்திருக்காது. பக்கத்து இரண்டு குவாரிகளும் 500 மீட்டருக்குள் வருவதால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கணக்கிட்டிருப்பார்கள், மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டியிருக்கும், அதனால்தான் கூட்டம். கடிதம் எழுதும் மற்ற ஊர்க்காரர்களும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 500 மீட்டருக்குள் என்னென்ன குவாரிகள் இருக்கின்றன என்று உதவி இயக்குநர் கொடுக்கிற கடிதம் ஒன்று ஃபைலில் இருக்கும். மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஓடாத குவாரியையும், 2016 ஜனவரி 15 அன்றைக்கே சுற்றுச்சூழல் அனுமதி கையில் வைத்திருந்த குவாரியையும் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 ஜூலை அறிவிக்கை விலக்கு கொடுத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு குவாரியை 'ஓடாதது' என்று எழுதியிருந்தால் கணக்கு 5 ஹெக்டேருக்குக் கீழே போய்விடும், கூட்டமும் போய்விடும். ஆகவே அந்தக் கடிதத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். மனுவும் சுரங்கத் திட்டமும் மற்ற காகிதங்களும் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. அங்கே கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அது வாக்கெடுப்பு அல்ல. ஆயிரம் பேர் கை தூக்கினார்கள் என்பதற்காக அனுமதி மறுக்கப்படாது, நாலு பேர்தான் வந்தார்கள் என்பதற்காகக் கூட்டம் செல்லாமலும் போகாது, குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார், வாரிய அதிகாரி உடன் இருப்பார், முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் நடவடிக்கைக் குறிப்பை எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். இதில் எது நடக்கவில்லை என்றாலும் முதல் ஆளாக எழுந்து அதைச் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.

அப்புறம், என்ன பேசுவது என்பது. "வேண்டவே வேண்டாம்" என்ற குரலுக்கு நியாயம் உண்டு, ஆனால் குறிப்பில் அது ஒரு வரியாகத்தான் ஏறும். அதே நேரத்தில் ஒருவர் எழுந்து, இத்தனாம் சர்வே எண்ணில் என் கிணறு, ஆழம் இத்தனை அடி, சித்திரையில் தண்ணீர் இத்தனை அடியில் நிற்கும், உங்கள் சுரங்கத் திட்டத்தில் அதைவிட ஆழமாகத் தோண்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், என் கிணற்று ஊற்று என்ன ஆகும் என்று கேட்டால், அதற்கு மனுதாரர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும், சுற்றுச்சூழல் ஆணையத்துக்காக மனுவைப் பரிசீலிக்கிற மதிப்பீட்டுக் குழுவும் அந்தப் பதிலைப் பார்த்தாக வேண்டும். கூட்டத்துக்கு முன்னாலேயே இளைஞர்கள் இரண்டு பேர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு 500 மீட்டருக்குள் உள்ள கிணறு, போர்வெல், ஓடை, கோயில், அங்கன்வாடி எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதி, புலப்படத்தின் (சர்வே எண்ணுக்கான நில அளவைப் படம்) நகலில் குறித்துக்கொண்டு வரட்டும். லாரி போகும் பாதையையும் நடந்து பாருங்கள். அறிக்கையில் 'தார்ச்சாலை' என்று போட்டிருப்பது ஆரம்பப் பள்ளி வாசலை ஒட்டிப் போகிற ஒற்றை வழிச் சாலையாக இருக்கலாம். பேசுவதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை மட்டும் நம்பிக் கூட்டத்தை விட்டு வராதீர்கள்.

எல்லாம் சொல்லியும் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால், 30 நாளுக்குள் சென்னையில் இருக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள் வரை அவகாசம் கொடுப்பார்கள். அங்கே வழக்கறிஞருக்குக் கைகொடுப்பது நீங்கள் இப்போது கொடுக்கிற இந்தக் காகிதங்கள்தான்.

கேள்வி: குவாரிக்குக் கேட்கிற இடத்திலிருந்து எங்கள் தோட்டத்து வீடு 200 மீட்டர்கூட இருக்காது. ஆனால் 300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். பொய்ச் சான்றுதானே இது?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அந்தச் சான்று விதிப்படி பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்று சிறுகனிமச் சலுகை விதிகளின் 36ஆம் விதி சொல்கிறது. குடியிருப்பு எது என்பதற்கு அதே விதி ஒரு விளக்கமும் வைத்திருக்கிறது: வருவாய்ப் பதிவேட்டில் ஊர் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ இருக்க வேண்டும், அல்லது உள்ளாட்சியோ நகர ஊரமைப்புத் துறை மாதிரியான அமைப்போ ஒப்புதல் கொடுத்த மனையாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் கட்டிய வீடு பதிவேட்டில் இன்னும் புஞ்சை நிலமாகத்தான் இருக்கும். கொங்குப் பகுதியில் பாதி சனம் தோட்டத்து வீட்டில்தான் குடியிருக்கிறது, அவர்களுக்கு இந்த விளக்கம் பெரிய அநியாயம் செய்கிறது, விதியை எழுதியவர்கள் இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ரேஷன் கார்டு முகவரி, ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதி இருந்தால் அது, எல்லாவற்றையும் இணைத்து ஆட்சியருக்கும் சுற்றுச்சூழல் ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஊராட்சி கொடுத்த மனை ஒப்புதல் கையில் இருந்தால் நீங்கள் அந்த விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுவீர்கள். இல்லாவிட்டாலும், அனுமதியைப் பரிசீலிக்கிற குழு சுற்றியுள்ள கட்டடங்களின் பட்டியலைத் தூர வாரியாகக் கேட்பது வழக்கம், அந்தப் பட்டியலில் உங்கள் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். வெடி அதிர்வுக்கு நத்தம் வீடு, தோட்டத்து வீடு என்ற வித்தியாசம் தெரியாது, அந்தக் குழுவிடம் இதைச் சொல்லலாம்.

கேள்வி: அரிட்டாபட்டியில் கிராம சபைத் தீர்மானம் போட்டுத்தானே டங்ஸ்டன் சுரங்கத்தை நிறுத்தினார்கள்? நாங்களும் தீர்மானம் போட்டால் போதாதா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தீர்மானம் கட்டாயம் போடுங்கள். அது மட்டும் போதுமா என்றால், போதாது. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2,015 ஹெக்டேர், ஏலம் விட்டது மத்திய அரசு. 2023இல் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்ட 24 கனிமங்களின் ஏலத்தை அவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், அதில் டங்ஸ்டனும் ஒன்று. 2024 நவம்பரில் ஏல முடிவு தெரிந்ததும் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மேலூர் மக்கள் மதுரைக்கே பேரணியாக வந்தார்கள், 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. அந்த மலைப்பகுதியை 2022இலேயே பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்திருந்ததும் ஒரு பலமான வாதமாக நின்றது. கிராம சபை அங்கே ஆரம்பித்து வைத்தது, பின்னால் ஒரு வட்டாரமே எழுந்து நின்றது.

கிராம சபையோ உரிய நிலை ஊராட்சியோ பரிந்துரைக்காமல் சிறுகனிமக் குத்தகையே கொடுக்க முடியாது என்று, பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996இன் பெசா சட்டம் சொல்கிறது. ஆனால் அது அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவித்த இடங்களுக்கு மட்டும், தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட இல்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல் 12 கிராம சபைகள் ஒன்று விடாமல் பாக்சைட் சுரங்கத்தை மறுத்து வென்றதற்கு வன உரிமைச் சட்டம் அடிப்படையாக இருந்தது. அந்தச் சட்டம் நமக்கும் உண்டு, உங்கள் ஊரில் காட்டு நிலம் சம்பந்தப்பட்டிருந்தால் அதையும் கையில் எடுங்கள்.

தீர்மானம் எழுதும்போது வெறும் எதிர்ப்பாக எழுதாமல் சர்வே எண், நீர்நிலை, பாதை எல்லாவற்றையும் காரணமாகச் சேர்த்து எழுதி, நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள், உங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. தனி அலுவலர் நடத்தினாலும் அது கிராம சபைதான், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி வற்புறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: நான் மறுபக்கம். என் சொந்தப் பாறை நிலத்தில் குவாரிக்கு மனு போட்டு அலைந்துகொண்டிருக்கிறேன். ஊரில் எல்லாரும் எதிரியாகப் பார்க்கிறார்கள். வீடு கட்டக் கல் வேண்டாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வேண்டும். சாலையும் பாலமும் வீடும் ஜல்லியில்தான் நிற்கின்றன, விதிப்படி மனு போடுகிறவரை எதிரியாகப் பார்ப்பது சரியில்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அறிக்கை தயாரிக்கிற ஆலோசனை நிறுவனத்திடம் எல்லாவற்றையும் விட்டுவிடாமல், உங்கள் திட்டத்தை நீங்களே தமிழில் ஊரார் முன்னால் வைத்துப் பேசுங்கள். எத்தனை மீட்டர் ஆழம், வெடி வைப்பது எத்தனை மணிக்கு, பக்கத்துப் பட்டா நிலத்துக்கு விட வேண்டிய 7.5 மீட்டரை எங்கே விடுகிறீர்கள் என்று வரைபடத்தில் தொட்டுக் காட்டுங்கள். கிணறு வற்றினால் என்ன செய்வீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் குவாரியில் அனுமதித்த ஆழத்தைத் தாண்டி வெட்டுகிறார்கள் என்று சந்தேகம். யாரிடம் சொல்வது?
– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள், கோட்டாட்சியருக்கு ஒரு நகல் போகட்டும். தள்ளிப் போடாதீர்கள். 2022 மே மாதம் உங்கள் மாவட்டத்திலேயே அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உள்ளே சிக்கி உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாறையைப் படிப்படியாக இறக்கி வெட்ட வேண்டும், படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக்கூடாது. செங்குத்தாகச் சுவர் மாதிரி நிற்கிறது என்றால், அளந்து பார்க்காமலேயே அதைப் புகாரில் எழுதலாம், தேதியோடு படமும் இணையுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகல் உங்கள் ஊராட்சி அலுவலகத்திலேயே இருக்க வேண்டும், அனுமதித்த ஆழம் அதில் மீட்டர் கணக்கில் போட்டிருக்கும். நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை குவாரிக்காரர் அறிக்கை கொடுத்தாக வேண்டும், கடைசியாகக் கொடுத்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, அதில் எழுதியிருக்கிற ஆழத்தையும் உங்கள் புகாரோடு சேர்த்துவிடுங்கள்.