நான் அழுதாலும் திரும்பிப் பார்ப்பதில்லையே, டாக்டர்?

கேள்வி: மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். பக்கத்தில் நான் அழுதாலும், முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார்ந்து, பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லைத் தடவிக்கொண்டிருப்பான். அடுத்தவர் மனம் இவர்களுக்குப் புரியாது என்று படித்தேன். கைக்குழந்தையை விட்டு நான் வேலைக்குப் போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். அவனுக்குப் பாசமே இருக்காதா?
– ஒரு தாய், தேவகோட்டை

பதில்: முதலில் மாமியார் பேச்சை முடித்துவிடுவோம். தாயின் பாராமுகம்தான் காரணம் என்று 1950, 60களில் பெரிய மருத்துவர்களே சொன்னார்கள், எத்தனையோ தாய்மாரை அழவைத்த அந்தக் கருத்தைப் பொய்யென்று எப்போதோ தள்ளியாகிவிட்டது. மரபணுவுக்குத்தான் பெரிய பங்கு.

நீங்கள் படித்தது 1985இல் உளவியல் ஆய்வாளர் சைமன் பேரன்-கோஹன் குழு வெளியிட்டது. சாலி என்ற பொம்மை கோலியைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறது, ஆன் என்ற இன்னொரு பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது, சாலி திரும்பி வந்து எங்கே தேடும்? மாற்றியது சாலிக்குத் தெரியாது, கூடையில்தான் தேடும். ஆனால் ஆட்டிசப் பிள்ளைகள் 20 பேரில் 16 பேர் கோலி இருந்த பெட்டியைக் காட்டினார்கள். அடுத்தவருக்கு என்ன தெரியும் என்று ஊகிப்பது இவர்களுக்குச் சிரமம், அவ்வளவுதான். பாசத்தை அந்தச் சோதனை அளக்கவே இல்லை. (சரியாகக் காட்டிய 4 பேரை யாரும் பேசுவதில்லை!) அதனால் முகத்தைப் பார்த்து அவனே புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருக்காதீர்கள். "அம்மாவுக்கு வருத்தமா இருக்கு, பக்கத்துல வந்து உட்காரு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கல். முழுசைவிட நுணுக்கத்தில்தான் இவர்கள் கண் போகும் என்றார் உளவியல் ஆய்வாளர் ஊட்டா ஃப்ரித், 1989இல். என்னிடம் வரும் ஒரு பையன், பூவின் இதழ் திரும்பிப் பதிந்திருந்த ஒரே கல்லைக் கண்டுபிடித்து அதன்மேல் போய் நின்றானாம். நாற்பது வருடம் அதே தரையைத் துடைத்த அப்பத்தாவுக்கு அது தெரியாது. கல்லை விட்டு அவனை இழுக்காமல் நீங்களும் தரையில் உட்கார்ந்து, அவன் தொடும் பூவைத் தொட்டுப் பேசிப் பாருங்கள்.

"குளிச்சு, சட்டை மாத்தி, சாப்பிட வா" என்பது மூன்று வேலை. திட்டமிட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இவர்களில் பலருக்குக் கடினம் என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், படம் வரைந்து சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது.

எனக்குப் பிடித்தது ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியது. அவருக்கே ஆட்டிசம் உண்டு. நம்மை அவர்களுக்குப் புரியாத மாதிரியே அவர்களையும் நமக்குப் புரிவதில்லை, கோளாறு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்கிறார். சரி, அடுத்த முறை முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு எல்லோரும் கூடும்போது நீங்கள் அவன் பக்கம் நில்லுங்கள்: கூட்டம் சேரும் முன்பே கூட்டிப்போய் வீட்டைக் காட்டுங்கள், காதைப் பொத்தினால் வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் சத்தமில்லாத ஓர் அறைக்கு அழைத்துப் போங்கள், "பெரியவங்களைப் பார்த்துக் கும்பிடு" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள்.