அப்பா இறந்துட்டார், ஈசியில ரெண்டு அடமானம் நிக்குது: வீட்டை விக்க முடியுமா?

திருச்சியிலேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அப்பா 2023ல காலமாயிட்டார், உயில் எதுவும் எழுதல, வீடு அவரே சம்பாதிச்சு வாங்கினது. அம்மா, இவங்க, ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. இப்ப ஒருத்தர் 58 லட்சத்துக்குக் கேக்கறார். ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பாத்தா ரெண்டு என்ட்ரி இருக்கு. ஒண்ணு, 1996ல தனியார் ஒருத்தர்கிட்ட 80,000 ரூபாய்க்கு மூணு வருஷத் தவணையில பதிவு பண்ணின அடமானம். இன்னொண்ணு 2012ல வாங்கின வீட்டுக்கடனுக்காக பேங்க் போட்ட எம்ஓடி (ஒரிஜினல் பத்திரத்தை பேங்க்ல ஒப்படைச்சு வெச்ச அடமானத்தோட பதிவு), அதுல இன்னும் ஆறு லட்சம் போல பாக்கி. "அப்பா வாங்கின கடன் அவரோட போச்சு, நாம ஏன் கட்டணும்"னு தம்பி சொல்றாராம். வீட்டை விக்க முடியுமா, கடனை யார் கட்டணும், அந்த 96 அடமானத்தை என்ன பண்றதுன்னு கேட்டிருக்காங்க.

முதல்ல தம்பி சொல்றதைப் பாத்துடுவோம், ஏன்னா நிறைய வீட்ல இதை நம்பி ரெண்டு மூணு வருஷம் சும்மா இருந்துட்டு கடைசியில ஏல நோட்டீஸ் வந்தப்புறம்தான் ஓடி வர்றாங்க. அவர் சொல்றது பாதி சரி. அப்பா கடனுக்காக உங்க சம்பளத்தையோ நீங்க தனியா வாங்கின நகை, நிலத்தையோ பேங்க் தொட முடியாது, அப்பாகிட்டேர்ந்து உங்களுக்கு வந்த சொத்தோட மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகளோட பொறுப்பு. ஆனா அந்த வீடே அடமானத்துல இருக்கே, அது அப்பா கையிலேர்ந்து உங்க கைக்கு வரும்போது கடனையும் தூக்கிக்கிட்டுதான் வருது. அவர் இறந்த அன்னிக்கே நீங்க நாலு பேரும் சமபங்கு ஓனர் ஆயிட்டீங்க, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. அப்பாவைப் பெத்த பாட்டி அப்ப உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, இதைப் பலபேர் மறந்துடறாங்க, கிரயப் பத்திரம் எழுதற அன்னிக்குதான் பிரச்சனை வெடிக்கும். இன்னொரு விஷயம், அம்மா அந்த லோன்ல கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்து போட்டிருக்காங்களான்னு பாருங்க. போட்டிருந்தா அவங்க வெறும் வாரிசு இல்ல, அவங்களே கடன்காரர், அவங்களோட சொந்தப் பணத்துக்கும் பொறுப்பு வரும்.

ஆறு லட்சம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். 2012 லோன் கொடுக்கும்போது கூடவே இன்சூரன்ஸ் பாலிசி எடுக்க வெச்சாங்களான்னு பாருங்க. நிறைய பேங்க்ல ஒரே தவணையா பிரீமியத்தைப் பிடிச்சு லோனோடயே சேத்துடுவாங்க, வாங்கினவருக்கே ஞாபகம் இருக்காது. லோன் சாங்ஷன் லெட்டர், முதல் மாச ஸ்டேட்மென்ட் ரெண்டையும் எடுத்துப் பாருங்க, பிரீமியம்னு ஒரு தொகை போயிருந்தா பாலிசி நம்பர் கேட்டு வாங்கி க்ளெய்ம் போடுங்க, லேட் ஆனாலும் எழுத்துல கேளுங்க, வாயால "அதெல்லாம் இல்லங்க"ன்னு சொன்னா விட்டுடாதீங்க.

அப்படி எதுவும் இல்லன்னா இறப்புச் சான்றும் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றும் எடுத்துக்கிட்டு பேங்க் போய், லோனை மொத்தமா முடிக்க எவ்வளவுன்னு ஒரு லெட்டர், பேங்க்ல இருக்கற டாக்குமென்ட் லிஸ்ட், இந்த ரெண்டும் கேளுங்க. வட்டி ஃப்ளோட்டிங்னா, அதாவது அப்பப்ப மாறற வட்டின்னா, தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிக்கறதுக்கு அபராதம் போடக் கூடாதுன்னு 2012லேர்ந்தே ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு. விக்கப் போறோமேன்னு இஎம்ஐயை மட்டும் நிறுத்திடாதீங்க. 90 நாள் தாண்டினா வராக்கடன்னு போட்டுடுவாங்க, அப்புறம் சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ், அதுக்கப்புறம் வீட்டைக் கையகப்படுத்தற வேலை ஆரம்பிக்கும், வாங்க வந்தவரும் பயந்து போயிடுவார்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வர்றது. கடனைக் கட்டறது ஒரு வேலை, வில்லங்கத்தை எடுக்கறது வேற வேலை. லோன் க்ளோஸ் ஆயிடுச்சு, என்ஓசி கொடுத்துட்டாங்க, ஒரிஜினல் பத்திரமும் கைக்கு வந்துடுச்சுன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்துடறாங்க, ஆனா ஈசியில அந்த எம்ஓடி அப்படியேதான் நிக்கும். பேங்க்லேர்ந்து அதிகாரி சார்-பதிவாளர் ஆபீசுக்கு வந்து ரசீது ஆவணம் பதிவு பண்ணிக் கொடுத்தாதான் அடமானம் தீர்ந்த விவரம் ஈசியில ஏறும். பழைய என்ட்ரி அழியாது, அதுக்குப் பக்கத்துல இந்த ரசீது வந்து நிக்கும், வாங்கறவரோட வக்கீல் தேடறது அதைத்தான். பணம் முழுசா கட்டின 30 நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவாகியிருக்கற அடமானப் பொறுப்பையும் பேங்க் நீக்கணும், பேங்க் பக்கத்துத் தப்பால லேட் ஆனா நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடுன்னு ரிசர்வ் பேங்க் விதி, 2023 டிசம்பர் 1லேர்ந்து அமல்ல இருக்கு. கடன் வாங்கினவர் இறந்திருந்தா வாரிசுகளுக்கு எப்படிக் கொடுப்பாங்கங்கற நடைமுறையை ஒவ்வொரு பேங்க்கும் தன்னோட வெப்சைட்லயே போட்டிருக்கணும், போறதுக்கு முன்னாடி அதைப் படிச்சிட்டுப் போங்க, அலைச்சல் குறையும்.

96 அடமானத்துக்கு வருவோம், உண்மையில தலைவலி இதுதான். மூணு வருஷத் தவணைன்னா 1999ல பணம் திருப்பணும், அதுலேர்ந்து 12 வருஷத்துக்குள்ள கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போயிருக்கணும், அதாவது 2011ஓட முடிஞ்சது. நடுவுல உங்கப்பா வட்டி கட்டியோ "பாக்கி இருக்கு"ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோ இருந்தா மட்டும் அந்தக் கணக்கு புதுசா ஆரம்பிக்கும். சரி, கெடு முடிஞ்சா அடமானமும் போச்சுல்லன்னு கேப்பீங்க. கேஸ் போடற வழி அடைபட்டிருக்கலாம், ஆனா பதிவு ஆபீஸ்காரங்க தானா அந்த என்ட்ரியை எடுக்க மாட்டாங்க, வாங்கறவர் லோன் போட்டா அவரோட பேங்க் அதைக் காட்டி நிறுத்திடும்.

இதுல உங்களுக்கு ஒரு நல்ல துப்பு இருக்கு. 2012ல பேங்க் லோன் கொடுத்திருக்கே, அப்ப அவங்க வக்கீல் இந்த 96 என்ட்ரியைப் பாக்காம ஒப்பீனியன் கொடுத்திருக்க மாட்டார். தீர்ந்ததுக்கு ஏதோ ஆதாரம் காட்டியிருப்பாங்க, பெரும்பாலும் அந்த அடமானப் பத்திரத்தோட ஒரிஜினலே பேங்க் ஃபைல்ல இருக்கும். கடன் தீர்ந்தா கொடுத்தவர் பத்திரத்து பின்பக்கம் "அசலும் வட்டியும் பைசல்"னு எழுதி கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துடறது வழக்கம், அந்தக் காலத்துல செலவுக்குப் பயந்து ரசீதைப் பதிவு பண்ணாம விட்டவங்க ஏராளம். அதனாலதான் டாக்குமென்ட் லிஸ்ட் கேக்கச் சொன்னேன், பழைய லீகல் ஒப்பீனியன் காப்பியும் கேட்டுப் பாருங்க, வீட்ல அப்பாவோட பெட்டியையும் தேடுங்க.

பத்திரம் கிடைச்சா பணம் கொடுத்தவரையோ, அவர் இல்லன்னா அவரோட வாரிசுகளையோ கண்டுபிடிச்சு ஒரு ரசீது பதிவு பண்ணி வாங்கிடுங்க, கையில கொஞ்சம் பணம் கேப்பாங்க, நியாயமா இருந்தா கொடுத்து முடிச்சிடறது நல்லதுன்னுதான் நான் சொல்வேன், கோர்ட்டுக்கு ஆகற செலவும் காலமும் அதைவிடப் பெருசு. யாருமே கிடைக்கல, இல்ல வேணும்னே இழுத்தடிக்கறாங்கன்னா சிவில் கோர்ட்ல அடமானம் தீர்ந்ததுன்னு விளம்புகை, அதாவது கோர்ட்டே அறிவிக்கற தீர்ப்பு, கேட்டு வழக்குப் போடணும். பணம் நிஜமாவே பாக்கி இருந்து அவர் வாங்க மறுத்தாருன்னா, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 83வது பிரிவுல தொகையை கோர்ட்ல கட்டிடற வழியும் இருக்கு. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, 96 பத்திரம் சாதா அடமானமா இல்ல சுவாதீனத்தோட கொடுத்த போக்கியமான்னு படிச்சுப் பாக்கணும், போக்கியம்னா கணக்கே வேற.

கடன் எல்லார் பங்கு மேலயும் ஒண்ணாதான் இருக்கு. என் பங்கு ஒன்றரை லட்சத்தைக் கட்டிட்டேன், என் கால்வாசியை விடுங்கன்னு பேங்க்கைக் கேக்க முடியாது. தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் பேங்க் உரிமை குறையாது. ஆனா நீங்க ஒருத்தரே ஆறு லட்சத்தையும் கட்டினா மத்த மூணு பேர்கிட்டயும் அவங்கவங்க பங்கைக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, அதனால பணத்தை உங்க அக்கவுன்ட்லேர்ந்தே மாத்துங்க, விக்கற பணத்துலேர்ந்து முதல்ல இதை எடுத்துட்டுதான் பிரிக்கறதுன்னு நாலு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கூடப் பொறந்தவங்க நடுவுல எழுத்து எதுக்குன்னு தோணும், எழுதாம விட்டுதான் கூடப் பொறந்தவங்க பேச்சுவார்த்தை இல்லாம போறாங்க.

கையில பணம் இல்லன்னா வாங்கறவர் பணத்துலயே முடிக்கலாம். அடமானம் இருக்கற சொத்தை விக்கவே கூடாதுன்னு சட்டம் இல்ல, மறைச்சு விக்கறதுதான் குத்தம். ரெண்டு அடமானத்தையும் ஒப்பந்தத்துல வெளிப்படையா எழுதுங்க, 58 லட்சத்துல ஆறு லட்சத்தை அவர் நேரா உங்க லோன் அக்கவுன்டுக்கே கட்டணும்னு போடுங்க, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தைப் பதிவே பண்ணிடுங்க, அப்பதான் அவருக்கும் தைரியம் வரும். அவர் ஈசியோட நிக்காம செர்சாய் (பேங்க் அடமானங்களைப் பதிவு பண்ற மத்தியப் பதிவேடு) தேடலும் போட்டுப் பாப்பார், சொத்துவரி ரசீதும் கேப்பார், எல்லாத்தையும் தயாரா வெச்சுக்கோங்க. ஒப்பந்தத்துக்குக் கெடு வழக்கமா மூணு மாசம் போடுவாங்க, நீங்க ஆறு மாசமா கேளுங்க. 96 ரசீது குறிப்பிட்ட தேதிக்குள்ள கிடைக்கலன்னா அட்வான்சை வட்டி இல்லாம திருப்பிக் கொடுத்து ரெண்டு பக்கமும் விலகிக்கலாம், அவர் லோனுக்குக் கட்டின பணம் இருந்தா அதையும் இத்தனை நாளுக்குள்ள திருப்பணும்னு ஒரு ஷரத்து சேருங்க. அந்த 96 ரசீது கைக்குக் கிடைக்கற வரைக்கும் அட்வான்ஸ் பணத்துல கை வைக்காதீங்க.