பித்தப்பைக் கல்: காலைச் சாப்பாட்டை விடாதீர்கள்

உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பித்தப்பைக் கல் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள். கல் வந்ததால் அம்மாவுக்குப் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். எனக்கும் வருமா?

கட்டாயம் வரும் என்றில்லை. ஆனால் கொஞ்சம் கவனமாக இருங்கள். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் அதிகம். இதையெல்லாம் மாற்ற முடியாது. எடையும் சாப்பிடும் நேரமும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

கேள்வி: வேலைக்கு ஓடும் அவசரத்தில் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. அதற்கும் கல்லுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் தங்கிக் கெட்டியாகும். சாப்பாட்டில் உள்ள கொழுப்பு சிறுகுடலுக்கு வந்ததும்தான் பை நன்றாகச் சுருங்கி அதை வெளியே தள்ளும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் நடுவில் 18 மணி நேரம். இப்படியே நாள்தோறும் தேங்கினால் கொலஸ்ட்ரால் படிந்து கல்லாகத் திரள வழி கிடைக்கிறது. இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி போதும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எண்ணெயே இல்லாமல், ஜூஸ் மட்டும் குடித்து 15 கிலோ குறைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம் தங்கச்சி. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதறிவிட்டேன். உடம்பு வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்தநீரில் கூடுதல் கொலஸ்ட்ராலைக் கொட்டும். கொழுப்பே சாப்பிடாததால் பையும் சுருங்காது. கல் உருவாக இதைவிட வசதி வேண்டுமா? வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தாலே ஆபத்து கூடுகிறது. அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும். தாளிக்க நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய், ஒரு பிடி வேர்க்கடலை, கீரை, பயறு, கூடவே தினமும் அரை மணி நேர நடை. பொரித்ததையும் பேக்கரிப் பண்டத்தையும் விட்டுவிடுங்கள். கல்யாணத்துக்குள் ஐந்து கிலோ குறைந்தால் அதுவே நல்ல பலன்.

கேள்வி: வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமா?

கரைக்காது. நம் ஊரில் அதைக் குடிப்பது சிறுநீரகக் கல்லுக்கு. அந்தப் பாதை வேறு, இது வேறு. தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து கிடைக்கும். ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சை கலந்து குடித்தால் பச்சை உருண்டைகள் வெளியே வருவதாகச் சொல்வார்கள். அவை கல் அல்ல, அந்த எண்ணெயே சோப்பு மாதிரித் திரண்டு வருவது.

கேள்வி: வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது அப்பாவுக்குக் கல் தெரிந்தது. வலி இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

வலி இல்லையென்றால் பெரும்பாலும் தேவைப்படாது. பலருக்குக் கடைசிவரை தொந்தரவே வருவதில்லை. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆனால் வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, காய்ச்சல், கண் மஞ்சள் ஆவது என்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சள் காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். கல் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம்.