பொப்லானோ செடியில பூ நிக்க மாட்டேங்குதா?

கேள்வி: அக்கா, நாங்க டாலஸ்ல இருக்கோம். ஏப்ரல்ல நர்சரில வாங்கி ரெண்டு பொப்லானோ மிளகாய் செடி வச்சேன். இடுப்பு உயரத்துக்கு தளதளன்னு நிக்குது, பூவும் வருது, ஆனா ஜூலை பொறந்ததுலேர்ந்து அத்தனையும் கொட்டிடுது. என்ன மருந்து அடிக்கலாம்? முன்னாடி வந்த காய்ல ஒண்ணு ரெண்டு செம காரம் வேற, பக்கத்துல பச்சை மிளகாய் செடி இருக்கறதாலயா?

பதில்: மருந்தெல்லாம் வேண்டாம்மா, இது வெயில் பண்ற வேலை. பகல்ல 95 டிகிரி ஃபாரன்ஹீட்டத் தாண்டி, ராத்திரியும் 75க்கு கீழ இறங்கலன்னா மகரந்தம் கெட்டுப்போயி பூ காம்போட உதிர்ந்துரும், பெரிய காய் வைக்கிற ரகத்துக்கு இந்தத் தொல்லை இன்னும் ஜாஸ்தி. பொப்லானோவுக்குப் பேர் வந்ததே மெக்சிகோல இருக்கற பூப்லாவால, அந்த ஊரு கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம், 2,100 மீட்டருக்கு மேல. ராத்திரி ஜிலுஜிலுன்னு இருக்கற ஊர் பேரை வச்சுக்கிட்டு டெக்சாஸ் ஜூலைல காய்க்கச் சொன்னா அது என்ன பண்ணும் பாவம்!

நிறைய பேர் இந்த நேரத்துலதான் வெறுத்துப்போயி செடியப் பிடுங்கிப் போட்டுடறாங்க, அதைப் பண்ணாதீங்க. மத்தியான வெயிலுக்கு மட்டும் 30 சதவீத நிழல் வலை கட்டுங்க, தூர்ல ரெண்டு மூணு இஞ்சுக்கு வைக்கோல் பரப்புங்க, காலைல வேர் நனையற மாதிரி ஆழமா தண்ணி விடுங்க. இலை தளதளன்னு இருக்குன்னு சொல்றீங்கல்ல, அப்ப நைட்ரஜன் உரத்த நிறுத்திடுங்க, இல்லன்னா இலைய மட்டுமே வளத்துட்டு இருக்கும். செப்டம்பர்ல ராத்திரி சூடு தணிஞ்சதும் திரும்பப் பூ பிடிக்கும், உங்க பக்கம் உறைபனி விழ பெரும்பாலும் நவம்பர் ஆயிடும், அதுக்குள்ள நல்லாவே பறிக்கலாம். எனக்குக் கேட்டா டெக்சாஸ்ல பொப்லானோங்கறதே இலையுதிர் காலத்துப் பயிர்தான்.

காரத்துக்குப் பக்கத்துச் செடி காரணமே இல்ல. மகரந்தம் கலந்தாலும் அது உள்ள இருக்கற விதையத்தான் மாத்தும், இந்த வருஷக் காயோட காரத்த மாத்தாது. பொப்லானோ சாதாரணமா 1,000லேர்ந்து 2,000 ஸ்கோவில் (காரத்த அளக்கற அலகு) வரைக்கும்தான், ஜலபீனோ மிளகாயே 2,500ல ஆரம்பிக்கும். ஆனா ஒரே செடில கூட காய்க்குக் காய் மாறும், தண்ணி இல்லாம வாடி நின்னா காரம் ஏறும். விதை மட்டும் எடுத்து வைக்காதீங்க, அடுத்த வருஷம் என்ன வரும்னே சொல்ல முடியாது.

கேள்வி: காய எப்ப பறிக்கறது? சிவக்க விடலாமா? (நியூஜெர்சி வாசகர்)

பதில்: நாலஞ்சு இஞ்சு நீளம், பளபளன்னு கரும்பச்சை, அமுக்கினா கெட்டியா இருக்கணும். கத்தரிக்கோலால வெட்டுங்க தம்பி, கையால இழுத்தா கிளையே முறிஞ்சு வந்துரும். அடுப்புத் தீயில தோல் கருகச் சுட்டு, கொஞ்ச நேரம் மூடி வச்சு உரிச்சுட்டு, உள்ள பனீர் மசாலா வச்சு பஜ்ஜி போட்டுப் பாருங்க, மெக்சிகோக்காரங்க சீஸ் வச்சு பண்ற சிலே ரெயேனோவும் கிட்டத்தட்ட அதேதான். சிவக்க விட்டுக் காயவச்சா அதுதான் கடைல விக்கிற ஆன்ச்சோ. சதை தடிமன்ங்கறதால உங்க ஊர் ஈரக்காத்துல வெயில்ல காயவச்சா பூஞ்சை பிடிக்கும், டீஹைட்ரேட்டர்தான் சரி. சிவக்கறதுக்குன்னு ரெண்டு மூணு காய மட்டும் விடுங்க, எல்லாத்தையும் விட்டா புதுப் பூ குறைஞ்சிரும்.

கேள்வி: காயோட அடி கறுத்து அழுகுது, முட்டை ஓடு போடலாமா?

பதில்: போடலாம், ஆனா அது மக்கி செடிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும். காய்க்குக் கால்சியம் பத்தலன்னாதான் இப்படி அழுகும். பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இருக்கும், ஒரு நாள் வெள்ளமா ஊத்தி நாலு நாள் காயப்போடறதாலதான் அது காய் வரைக்கும் போகல. தண்ணிய ஒரே சீரா விடுங்க, கறுத்த காயப் பறிச்சுப் போட்டுடுங்க.